உதிர்ந்த மயிரும் எஞ்சிய தலையும்
மார்கிரட் எட்சனின் ‘விற்’ நாடகத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1

நோய் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. காமநோய், பசிநோய், பிறவிநோய் எனத் தமிழிலக்கியம் நோயைப் பலவாறு பேசிவந்துள்ளது. ஆயின் உடலை வருத்தும் நோயையும், அந்நோய்க்குச் செய்யப்படும் சிகிச்சையையும் உள்ளவாறே பொருளாகக் கொண்ட ஆக்கங்கள் நம்மிடையே குறைவு. கதைக்குள் நோய் வரும்போது பெரும்பாலும் விதியின் தூதாகவே வருகின்றது; வந்த காரியம் முடிந்ததும் பாத்திரத்தை அழைத்துக்கொண்டு போய்விடுகின்றது. வைத்தியசாலைக் கட்டிலிற் கழியும் நாட்களும், அந்நாட்களில் உடலில் நிகழும் மாற்றங்களும் கதைக்கு வெளியே தங்கிவிடுகின்றன. இம்மாற்றங்களுள் பிறர் கண்ணுக்கு முதலிற் புலனாவது, புற்றுநோய்ச் சிகிச்சையின்போது நேரும் முடியிழப்பாகும். ஒரு நாடகம் அதனை எங்ஙனம் கையாண்டுள்ளது என்பதையும், அக்கையாளுகை தமிழ் வாசகராகிய நமக்கு எதை உணர்த்துகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகம், அமெரிக்கரான மார்கிரட் எட்சன் எழுதிய ‘விற்’. 1961இற் பிறந்த எட்சன் தொழில்முறை நாடகாசிரியர் அல்லர். 1980களில் வாஷிங்டன் நகரத்து ஆராய்ச்சி வைத்தியசாலையொன்றில், புற்றுநோயாளரும் எயிட்ஸ் நோயாளரும் தங்கியிருந்த விடுதியில் எழுதுவினைஞராகப் பணியாற்றியவர். பின்னர் பாலர் வகுப்பு ஆசிரியையானவர். 1995இல் கலிபோர்னியாவில் முதலில் மேடையேறிய இந்நாடகம் 1999இல் புலிற்சர் பரிசைப் பெற்றது. 2001இல் மைக் நிக்கல்ஸின் நெறியாள்கையில், எம்மா தொம்சன் நடிக்கத் தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வெளிவந்தது.

2

கதை சுருக்கமானது. விவியன் பேரிங் 50 வயதுப் பேராசிரியை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதையை, சிறப்பாக ஜோன் டன்னின் புனித சொனற்றுகளைக் கற்பிப்பவர், கண்டிப்புக்குப் பெயர்போனவர். அவருக்குச் சூலகப் புற்றுநோய் இருப்பதும், அது நான்காம் நிலைக்கு முற்றிவிட்டதும் தெரியவருகின்றன. வைத்தியர் கெலிக்கியன் முழு அளவில் எட்டுச் சுற்று இரசாயன சிகிச்சையை முன்மொழிகின்றார். அது ஆராய்ச்சிக்குரிய புதிய சிகிச்சை. விவியன் உடன்படுகின்றார், எட்டுச் சுற்றையும் தாங்குகின்றார், நோய் நீங்கவில்லை. முடிவில் தாம் இறக்கப்போவதை அவரே தொடக்கத்திற் பார்வையாளருக்குக் கூறிவிடுவதால், என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு நாடகத்தில் இடமில்லை. எப்படி நடக்கின்றது என்பதே எஞ்சுகின்றது.

இங்கு நாம் கருத்தூன்றி நோக்கவேண்டியது முதற் காட்சியை. விவியன் மேடைக்கு வரும்போதே தலையில் ஒரு மயிரும் இல்லை. வெறுங்கால், முன்னாலும் பின்னாலும் முடிந்த இரு வைத்தியசாலை அங்கிகள், கையில் நோயாளிப் பட்டி, தலையில் விளையாட்டுக்காரர் அணிவது போன்ற ஒரு தொப்பி. கண்ணாடிமுன் நின்று சீப்பில் வந்த கற்றையைக் கண்டு திகைக்கும் காட்சி இந்நாடகத்தில் இல்லை. தலையணையில் உதிர்ந்து கிடக்கும் மயிரும் இல்லை. சாதாரண உணர்ச்சி நாடகமொன்று தன் உச்சக்கட்டமாக வைத்துக்கொள்ளக்கூடிய அந்நிகழ்ச்சியை எட்சன் நாடகம் தொடங்குமுன்னரே முடித்துவிடுகின்றார். உதிர்தல் நமக்குக் காட்டப்படவில்லை. உதிர்ந்தபின் எஞ்சிய தலையே காட்டப்படுகின்றது.

இதன் விளைவு நுட்பமானது. நாடகம் இடைவேளையின்றி நடிக்கப்படுவது. விவியன் தம் பழைய நாட்களை நினைவுகூரும்போது, 22 வயது மாணவியாகப் பேராசிரியை ஆஷ்போர்ட்டின் முன் நிற்கும் காட்சியிலும், ஐந்து வயதுச் சிறுமியாகத் தந்தையின் அருகில் புத்தகம் வாசிக்கும் காட்சியிலும் மேடையில் நிற்பவர் இந்நோயாளியே. கூந்தலோடிருந்த விவியனைப் பார்வையாளர் காண்பதில்லை. ஆகவே ஒப்பிட்டு இரங்குவதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. முதலில் திடுக்கிடவைக்கும் அத்தலை, சிறிது நேரத்தில் விவியனின் இயல்பான முகமாகிவிடுகின்றது. அதன்பின் அவர் என்ன நினைக்கின்றார், எவ்வளவு கூர்மையாகப் பேசுகின்றார் என்பனவே கவனத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இரக்கத்தை மறுப்பதன் மூலம் மதிப்பைப் பெற்றுக்கொடுக்கும் உத்தி இது எனலாம்.

3

இவ்வுத்திக்கு ஒரு மெய்ம்மை அடிப்படையும் உண்டு. அதை விளங்கிக்கொள்ளச் சிறிது வைத்திய விளக்கம் வேண்டும். புற்றுநோய்க்கான இரசாயன மருந்துகளிற் பல, விரைந்து பிரியும் கலங்களைத் தாக்குவன. புற்றுக் கலங்கள் அத்தகையன. ஆயின் மயிர்ப்புடைப்பின் அடியிலுள்ள கலங்களும் அத்தகையனவே. தலைமயிரிற் பத்தில் ஒன்பது பங்களவு எந்நேரமும் வளர்நிலையில் இருப்பதால், மருந்து அவற்றையும் விட்டுவைப்பதில்லை. முதற் சுற்று முடிந்து இரண்டு, மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கும். புருவமும் இமைமயிரும்கூட உதிரலாம். எல்லா மருந்துகளும் இவ்வாறு செய்வதில்லை. கதிர்ச்சிகிச்சையிலோ கதிர் படும் இடத்தில் மட்டுமே மயிர் உதிரும். மருந்து நின்று சில மாதங்களில் முடி மீண்டும் வளர்வதே பெரும்பாலும் நிகழ்வது. சில வேளைகளில் நிறமும் சுருளும் மாறி வளரும்.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று. முடியிழப்பு நோயின் அடையாளமன்று, சிகிச்சையின் அடையாளம். முடி கொட்டுவதனால் நோய் முற்றிவிட்டது என்று கொள்வது தவறு. ஆயினும் பொதுமக்கள் மனத்தில் இவ்விரண்டும் ஒன்றாகவே பதிந்துள்ளன. முடியில்லாத தலையைக் கண்டவுடன் மரணம் அருகில் வந்துவிட்டதாக எண்ணுகின்றனர். முடி போய்விடுமே என்ற அச்சத்தினாற் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் மறுப்போரும் பல நாடுகளிலும் உளர் என்பது வைத்தியத்துறையினர் அறிந்ததே. ஒரு தவறான வாசிப்பு உயிரைப் பறிக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கலை, இலக்கியத்தின் பொறுப்பும் இவ்விடத்திலேயே எழுகின்றது.

‘விற்’ நாடகத்திலும் வாசிப்பே மையப்பொருள். மாணவப் பருவத்தில் விவியன், மரணத்தை விளித்துப் பேசும் டன்னின் சொனற்றைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பேராசிரியை ஆஷ்போர்ட் ஏற்க மறுக்கின்றார். விவியன் பயன்படுத்திய பதிப்பில், இறுதி அடியில் அரைப்புள்ளி இடப்பட்டிருந்தது; நம்பத்தகுந்த பதிப்பில் இருப்பதோ காற்புள்ளி. வாழ்வுக்கும் மரணத்துக்கு அப்பாலுள்ள வாழ்வுக்கும் இடையே ஒரு சிறு நிறுத்தமே உண்டு என்ற கருத்து, பிழையான குறியினாற் சிதைந்துவிடுகின்றது என்பது ஆஷ்போர்ட்டின் வாதம். முடியில்லாத தலையை நம் சமூகம் வாசிப்பதும் இத்தகைய பிழையான பதிப்பைக் கொண்டுதான். காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் நாம் முற்றுப்புள்ளியைக் காண்கின்றோம்.

பிழையாக வாசிப்போர் பாமரர் மட்டுமல்லர் என்பதை எட்சன் வைத்தியர் குழு விடுதிச் சுற்று வரும் காட்சியில் உணர்த்துகின்றார். விவியனின் உடலைச் சூழ்ந்து நின்று, பயிலும் இளம் வைத்தியர்கள் மருந்தின் பக்கவிளைவுகளை ஒப்புவிக்கின்றனர். சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் என்பு மச்சை நலிவதும் அவர்களுக்கு உடனே நினைவுக்கு வருகின்றன. இன்னும் ஒன்று உண்டு, கண்ணைத் திறந்து பாருங்கள் என்று கெலிக்கியன் தூண்டியும் அவர்களுக்குத் தெரியவில்லை. இறுதியில் முடியிழப்பு என்று அவரே சொல்லவேண்டியிருக்கின்றது. எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், முடியற்ற தலையொன்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது! இக்காட்சியிற் சிரிப்பு எழும். எழுந்த சிரிப்பு பின் உறுத்தும். உயிருக்கு ஆபத்தில்லாத விளைவு என்பதனால் அது அவர்களின் பட்டியலில் இல்லை; நோயாளிக்கோ தன் பட்டியலில் அதுவே முதலாவதாக இருக்கக்கூடும். பொதுமக்கள் முடியிழப்பை மட்டுமே காண்கின்றனர். வைத்தியர் அதைக் காண்பதேயில்லை. இரு சாராருமே மனிதரைக் காணத் தவறுகின்றனர். ஒரு காலத்தில் கவிதைகளைக் கூறுபோட்டு ஆராய்ந்த விவியன், இப்போது தம்மையே ஒரு பனுவலாகப் பிறர் கூறுபோடக் காண்கின்றார். ஆராய்ச்சி மனப்பான்மை எவ்வளவு கூர்மையானதாயினும், எதிரிலுள்ள மனிதரை மறந்தவிடத்து குருடாகிவிடும் என்ற இவ்விமரிசனம், வைத்தியபீடத்துக்கு மட்டுமன்றிக் கலைப்பீடத்துக்கும் உரியதே.

4

இந்நாடகத்தைத் தமிழ்ச் சூழலில் வைத்து நோக்கும்போது ஒரு வேறுபாடு உடனே புலப்படுகின்றது. விவியனுக்கு ஒரு தொப்பி போதும். நம் பெண்களுக்கு அது போதாது. காரணம், தமிழிற் கூந்தல் வெறும் மயிராக ஒருபோதும் இருந்ததில்லை.

புறநானூற்றுக் காலத்திலேயே கணவனை இழந்த பெண்ணின் நிலை கூந்தல் களைதலாற் குறிக்கப்பட்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி அவிழ்ந்த கூந்தலோடு பாண்டியன் அவைக்குச் செல்கின்றாள். பாரதியின் பாஞ்சாலி தன் சபதத்தைக் கூந்தலின்மீதே செய்கின்றாள். மங்கலம், துயரம், சினம் ஆகிய மூன்றையும் தமிழிலக்கியம் பெண்ணின் தலையில் எழுதிவைத்துள்ளது. திருக்குறளில் மானம் என்னும் அதிகாரத்தில் இருமுறை மயிர் உவமையாகின்றது. தம் நிலையிலிருந்து தாழ்ந்தவரைத் தலையைவிட்டு வீழ்ந்த மயிருக்கு ஒப்பிடுவது ஒன்று. மயிரிழப்பைப் பொறாது மாயும் கவரிமாவை மானமுடையோர்க்கு ஒப்பிடுவது மற்றொன்று. வள்ளுவர் பேசுவது மானத்தைப் பற்றியே என்பதில் ஐயமில்லை. ஆயின் உவமை வாழ்வுக்குள் இறங்கியபின் புலவனின் கட்டளைக்குள் நிற்பதில்லை. முடியிழப்பும் மானவிழப்பும் ஒரே மூச்சிற் சொல்லப்பட்ட மொழியில், சிகிச்சையால் முடியிழந்த ஒரு பெண் வெட்கப்படுவது வியப்பன்று. அவள் எந்தப் பிழையும் செய்யவில்லை. உவமை அவளைப் பிழையாளியாக்குகின்றது.

மொழியின் வறுமையும் இங்கு கவனிக்கத்தக்கது. மருந்தினால் மயிர் நீங்கிய தலையைக் குறிக்க நம்மிடம் தனிச்சொல் இல்லை. ‘மொட்டை’ என்பது நேர்த்திக்கடனை நினைவூட்டும். ‘வழுக்கை’ ஆணுக்கும் முதுமைக்கும் உரியது. ‘முண்டிதம்’ துறவையும் கைம்மையையும் சேர்த்து இழுத்துவரும். முடியற்ற தலையோடு வரும் பெண்ணைப் பார்த்து, ‘எந்தக் கோயிலுக்கு நேர்த்தி?’ என்று வினவுபவர் தீய எண்ணத்துடன் வினவுவதில்லை. அவருக்குத் தெரிந்த சொற்களுள் மிகவும் மரியாதையானதைத் தெரிந்தெடுக்கின்றார். அவ்வளவே. ஆயினும் கோயில் வீதியில் முடி கொடுத்தவருக்கும், சிகிச்சையில் முடி பறிபோனவருக்கும் இடையே பெரிய வேறுபாடுண்டு. முன்னது கொடை, பின்னது இழப்பு. முன்னதில் தலை குனிவது பக்தியால். பின்னதில் தலை குனியவைக்கப்படுகின்றது. ஆண் நோயாளிக்கு இவ்விடர் குறைவு. முடியற்ற ஆண் தலையை நம் வீதிகள் நன்கறியும்.

5

தமிழ்த் திரைப்படம் இவ்வாசிப்பை மாற்ற முயலவில்லை. அது வேறொரு வழியில் தப்பித்துக்கொண்டது. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) முதல் ‘வாழ்வே மாயம்’ (1982), ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) வரை, புற்றுநோய் காதற் கதையின் முடிச்சாகப் பயன்பட்டது. நாயகனின் தியாகத்தை உயர்த்திக் காட்டுவதே அங்கு நோயின் பணி. இப்படங்கள் காட்டாது விட்டது சிகிச்சையை. நாயகன் இறுதிப் பாடல்வரை தலைவாரிய முடியோடு இருக்கின்றான். நோய் அவனை மேலும் அழகனாக்குகின்றது.

இதன் வேரை விளங்கிக்கொள்ளச் சூசன் சொன்ராக்கின் ‘உருவகமாக நோய்’ (1978) என்னும் நூல் உதவும். 1975இல் தாமே புற்றுநோய்க்கு ஆளானவர் சொன்ராக். 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் காசநோயை மென்மையும் மேன்மையும் பொருந்திய நோயாகக் கற்பித்தனர் என்றும், புற்றுநோய்க்கு அத்தகைய அழகு வழங்கப்படவில்லை என்றும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். அழகான மரணம் வேண்டப்படும் காதற் கதைகளில் இரத்தப் புற்றுநோய் காசநோயின் இடத்தைப் பிடித்தது என்பதும் அவருடைய நுண்ணிய அவதானம். ‘லவ் ஸ்ரோரி’ (1970) அதற்கு எடுத்துக்காட்டு. வெட்டப்படும் உறுப்பு இல்லை. வெளியே தெரியும் சிதைவு இல்லை. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி முற்றாக உதிர்வது பொதுவழக்கு என்ற உண்மை அக்கதைகளுக்கு இடைஞ்சலாகவே இருந்திருக்கும்.

எனினும் சொன்ராக்கின் தீர்வை நாம் முழுமையாக ஏற்றல் இயலாது. நோயைச் சூழ்ந்த உருவகங்களைக் களைந்துவிடுதலே நல்வழி என்பது அவர் கருத்து. ஈராயிரம் ஆண்டுகளாகக் கூந்தலில் ஏறியுள்ள பொருள்களை ஒரு நூலின் வாதத்தினால் இறக்கிவைக்க முடியுமா? உருவகம் வெறுமையால் வெல்லப்படுவதில்லை. இன்னொரு வலிய உருவத்தினாலேயே வெல்லப்படும். எட்சன் செய்திருப்பது அதுதான். முடியற்ற ஒரு தலையை அறிவின், நகைச்சுவையின், பிடிவாதத்தின் இருப்பிடமாக நம் கண்முன் நிறுத்தி, பழைய படிமத்தின் இடத்தில் புதியதொன்றை வைக்கின்றார்.

6

‘விற்’ குறைகளற்ற நாடகமன்று. முதலாவது, அதன் நாயகி தனியர். கணவனோ, பிள்ளைகளோ, பெற்றோரோ இல்லை. கடைசியில் வரும் ஆஷ்போர்ட்டைத் தவிரப் பார்க்க வருவோரும் இல்லை. நாடகத்தின் இறுக்கத்துக்கு இது உதவுகின்றது. ஆயின் முடியிழப்பு ஒரு வீட்டுக்குள் நிகழும்போது என்ன நடக்கும் என்ற வினாவை அது தவிர்த்துவிடுகின்றது. நம் வீடுகளிற் கூந்தல் ஒருவருடைய தனிச்சொத்தன்று. தாய் எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய தலை அது. அக்காவும் தங்கையும் பேன் பார்த்த தலை அது. அங்கு உதிர்வது ஒருத்தியின் மயிர் மட்டுமன்று, பல கைகளின் உழைப்புமாகும். விடியற்காலையில் எவரும் எழுமுன் தலையணையைத் தட்டி, முற்றத்தைக் கூட்டி, உதிர்ந்ததை மறைப்பவள் நோயாளியா அவள் தாயா என்ற கேள்விக்கு எட்சனிடம் விடையில்லை. அது நம்மவர் எழுதவேண்டிய நாடகம்.

இரண்டாவது, வர்க்கத்தைப் பற்றிய மௌனம். விவியன் கற்றவர், தமக்கு நேர்வதைச் சொல்லும் சொற்கள் அவரிடம் நிறைய உள்ளன. சொல்லற்றவர் நிலை என்ன? நம் நாட்டில் அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோருக்கு நீண்ட காலம் சிகிச்சை என்பது மகரகமைவரை செல்லும் நெடும்பயணமாக இருந்தது. ‘மகரகமைக்குக் கொண்டுபோயிருக்கினம்’ என்றாற் போதும். நோயின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. பின்னர் தெல்லிப்பழையிற் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் அமைந்தது; அதற்கு நிதி திரட்ட 2011இல் தெவிநுவரவிலிருந்து பருத்தித்துறைவரை மக்கள் நடந்தனர். பயணம் குறைந்தது பெரும் பேறு. ஆயின் சிகிச்சை ஊருக்குள் வந்தபோது முடியற்ற தலையும் ஊர்க் கண்களுக்கு அருகில் வந்துவிட்டது. மகரகமையில் முகமறியாதோர் நடுவே மறைந்திருக்கக்கூடியது, சொந்த ஒழுங்கையில் மறைய இயலாது. ஆகவே ஊரின் கண்களைப் பழக்குதல் என்னும் பணி இன்று முன்னையிலும் அவசரமானது.

மூன்றாவது, இறுதிக் காட்சி. விவியன் இறந்தபின் கட்டிலைவிட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றி, பட்டியை நீக்கி, அங்கிகளை நழுவவிட்டு, ஆடையற்ற அழகோடு ஒளியை நோக்கிக் கையுயர்த்துகின்றார். அதுவரை ஆறுதலை மறுத்துவந்த நாடகம், இங்கு கிறிஸ்தவ மீட்புக் கருத்தின் துணையை நாடிவிட்டது என்று ஒருவர் குறைகூறலாம். அதில் உண்மை உண்டு. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அவ்விண்ணொளியிலும் எட்சன் விவியனுக்குக் கூந்தலைத் திருப்பிக்கொடுக்கவில்லை. நம் திரைப்படமொன்று இக்காட்சியை அமைத்திருப்பின், மேகங்களிடையே நீள்கூந்தல் அலையவிட்டிருக்கும். முடியற்ற தலையோடேயே அவர் அழகானவர் என்பதில் எட்சன் கடைசிவரை உறுதியாக நிற்கின்றார்.

7

பொய்முடி அணிவது தவறு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட், தம் ‘புற்றுநோய்க் குறிப்பேடுகள்’ (1980) என்னும் நூலில், மார்பகம் அகற்றப்பட்ட பெண் செயற்கை மார்பகம் அணிந்தே ஆகவேண்டும் என்ற வற்புறுத்தலை எதிர்த்தார். அணிவதை அவர் மறுக்கவில்லை. பிறரின் மனச்சங்கடத்தைத் தீர்ப்பதற்காக அணியவைப்பதையே மறுத்தார். இவ்வளவுகோல் கூந்தலுக்கும் பொருந்தும். முக்காடோ, பொய்முடியோ, வெறுந்தலையோ, எது வேண்டுமென்பது நோயுற்றவரின் விருப்பம். அவ்விருப்பம் சுதந்திரமானதாக இருக்கவேண்டுமெனில், மூன்றாவது வழியும் உண்மையிலேயே திறந்திருக்கவேண்டும். இன்று நம்மிடையே அது திறந்திருக்கவில்லை.

அதைத் திறப்பதிற் கலைக்குப் பங்குண்டு. ‘விற்’ நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற முன்வருவோர், டன்னின் சொனற்றுகளை மொழிபெயர்ப்பதே பெருஞ்சிக்கல் என்று எண்ணக்கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் முதற் கணத்திலேயே காத்திருக்கின்றது. முடியற்ற பெண்ணொருத்தி தமிழ்ப் பார்வையாளர் முன் வந்து நின்றதும், கைம்மை, நேர்த்தி, சாவு என்னும் மூன்று பொருள்களும் அவளுக்கு முன்னே மேடையேறிவிடும். அவை ஒவ்வொன்றாக இறங்கிப்போகும்வரை அவள் பேசிக்கொண்டேயிருக்கவேண்டும். அவையோர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேயிருக்கவேண்டும். அவ்வாறு கேட்டுப் பழகிய ஓர் அவை, மறுநாட் காலை பேருந்தில் முக்காடிட்ட ஒரு பெண்ணின் அருகில் அமர நேரும்போது, அவள் தலையைப் பார்ப்பதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கும். நாடகம் ஒன்றிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது முறையன்று. இதற்குக் குறைவாக எதிர்பார்ப்பதும் முறையன்று.